கேட்டோரத்துக் கல்

கிறிஸ்டினா நடத்தும் கூட்டத்தில் டீ ஆறுவதற்குள் தீர்மானங்கள் எல்லாம் நிறைவேறிவிடுகின்றன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கீழ்க்கட்டளையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவளுக்கு முன்னால் தலைவராக இருந்தவன் நான், வேதாசலம். என் காலத்துக் கூட்டங்கள் சண்டையில் தொடங்கி, நான் வீட்டோ போடுவதில் முடியும். எத்தனை பேர் கை தூக்கினாலும் தலைவர் ஒருவரே தீர்மானத்தை நிறுத்திவிடலாம் என்று சங்க விதியில் எழுதியவனே நான்தான். அமெரிக்க அதிபருக்கு இருக்கிறதே, நமக்கு இருந்தால் என்ன? அங்கே மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்தால் அந்த வீட்டோவையே தூக்கிப் போட்டுவிடலாமாம். அந்தச் சங்கதியை மட்டும் நான் விதியில் சேர்க்கவில்லை.

ஷட்டில் கோர்ட், மொட்டைமாடித் தோட்டம், பொங்கலுக்குக் கச்சேரி, எல்லாவற்றையும் நிறுத்தினேன். சங்கம் நடத்துவதென்றால் சும்மாவா? சிறுசேரியில் வேலை பார்க்கும் இவளோ போன வாரம் வரை வீட்டோவைத் தொட்டதே இல்லை. கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய்ப் பேசிவிடுகிறாள், அப்புறம் எதிர்ப்பு எங்கிருந்து வரும்? என் மனைவி சரசுவே, "அந்தப் பொண்ணு மீட்டிங்னா தலைவலி வர்றதில்லைங்க" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட் விவகாரம் வந்தது. தண்ணீர் லாரி திரும்ப இடம் போதவில்லை. கேட்டை அகலப்படுத்த வேண்டும், அதற்கு ஓரத்தில் நிற்கும் கருங்கல்லை எடுத்தாக வேண்டும் என்றார்கள். 'தலைவர் வேதாசலம் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது' என்று பொறித்த கல் அது. இந்தக் கட்டடத்தில் என் பெயர் மிச்சமிருக்கும் ஒரே இடம். ஏதோ சொல்ல எழுந்தேன்.

"சார், கல்லு வேணுமா, தண்ணி வேணுமா?" என்று கேட்டார் இரண்டாம் மாடி ஃபிரெடி.

கைகள் உயர்ந்தன. சரசுவின் கையும்தான். கல் போகக்கூடாது. ஆனால் அது கிறிஸ்டினாவின் தயவில் நிற்கவும் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இதுக்கு நான் வீட்டோ போடறேன்," என்றாள் கிறிஸ்டினா. "சார் பேரு அங்கயே இருக்கட்டும். கேட்டை அந்தப் பக்கம் தள்ளிக்கலாம். கொஞ்சம் வேலை கூட, பரவால்ல."

நான் வீட்டோ போட்டபோதெல்லாம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். இவளுக்குக் கை தட்டினார்கள். ஃபிரெடியும் தட்டினார். என்னிடம் இருந்த அந்த ஒன்றையும் எடுத்து, ஒரே ஒரு தடவை போட்டு, கைதட்டலும் வாங்கிவிட்டாளே! தேங்க்ஸ் சொல்லவேண்டி வந்தது, சொன்னேன்.

இன்று காலை கேட் வேலை முடிந்து, முதல் லாரி வந்தது. கல்லில் சிமெண்ட் தெறித்திருந்ததால் ஈரத்துணியோடு குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போன ஃபிரெடி, டிரைவரிடம் போனில் வழி சொல்லிக்கொண்டே போனார்.

"உள்ள வா. கேட்டாண்ட கிறிஸ்டினா மேடம் கல்லு கீது பாரு, அதுல இடிச்சிறாம திருப்பு."

லாரி கல்லை உரசாமல் மெல்லத் திரும்பியது. ஈரத்துணியின் கீழே என் பெயர் பளபளவென்று இருந்தது.