பதினோராவது சொல்

1.

‘தெரியல’ என்ற சொல்லின் விலை இரண்டு டீ, ஒரு மெதுவடை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே நானே பேரம் பேசி முடித்தேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். நான் நல்லவனாகத் தெரியும்படி நான்கு முறை எழுதி, நான்கையும் கிழித்தாயிற்று.

2.

(ஒரு தொடக்கம்: “தாய்மொழியில் கணினிக்குக் கட்டளையிடும் தாகத்தில் நான்...” வேண்டாம். தாகமெல்லாம் இல்லை. கமிஷன் மண்டிக்காரர் மகன் நான். நாலு பேர் கூலியில்லாமல் உழைக்கும் இடத்தில் தலைவனாக இருக்கப் பிடித்திருந்தது.)

ஊர் கூடி ஒரு சின்ன நிரல்மொழி செய்வோம், பத்தே சொற்கள் என்று இணையத்தில் அறிவித்தேன். வந்தவர்கள் நாற்பது சொற்கள் கொடுத்தார்கள். மக்காச்சோள மூட்டைக்கு விலை அடிப்பதுபோல ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளினேன். பதினொன்றில் வந்து நின்றது.

பதினோராவது அம்சவள்ளியுடையது. மலைமேல் கரியாலூர்ப் பக்கம் சாமை பயிரிடும் முப்பது குடும்பங்களுக்காகத் தினமும் மழைமானியைப் பார்த்து எழுதுபவர்.* அந்தக் கணக்கை எங்கள் மொழியில் போட வந்திருந்தார்.

“அளக்காத நாளுக்கு இன்னா போடறதுங்கண்ணா?”

“ஒண்ணும் போடாத. மொழியே பூஜ்யம் போட்டுக்கும்.”

“பூஜ்யம்னா பெய்யலன்னு ஆயிடும். நான் பாக்கலன்னு எப்பிடி சொல்றது? ‘தெரியல’ன்னு ஒண்ணு இருக்கட்டுங்க.”

“தெரியாததுக்கெல்லாம் ஒரு சொல்லு வச்சா கட்டுப்படியாவுமா தங்கச்சி? இன்னொரு டீ சொல்லட்டா?”

சிரித்துவிட்டார். பேரம் முடிந்தது; மொழி பத்துச் சொல்லோடு நின்றது.

(* முந்தைய நான்கு வரைவுகளிலும் ‘எழுதுபவள்’. மரியாதை எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.)

3.

ஐப்பசியில் மலைமேல் மூன்று நாள் அடைமழை. கீழே தூறல்கூட இல்லை. ஓடை தாண்டி மழைமானிக்குப் போக அம்சவள்ளிக்கு வழியில்லை. சாமை சாய்ந்து கதிரிலேயே முளைத்தது. நிவாரணம் கேட்டவர்கள் எங்கள் மொழி அச்சடித்த மழைக்கணக்குத் தாளைக் கொடுத்தார்கள். பார்க்க வந்த அதிகாரி அந்த மூன்று நாள்மேல் விரலை வைத்தார்.

“மழை பூஜ்யம்னு நீங்களே காட்டிக்கினு, மழையில போச்சுன்றீங்களே?”

ஆதிமூலம் என்ற விவசாயி அம்சவள்ளி பக்கம் திரும்பினார். “வூடு வூடா ஒழுவிச்சேம்மா! நீ இன்னா எழுதிக்கினு இருந்த?”

மொழியின் பெருமை பேச நானும் போயிருந்தேன். அம்சவள்ளி என்னைப் பார்த்தார்.

[இங்கே நான் உண்மையைச் சொல்வதாக ஒரு முடிவு எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. நடக்கவில்லை.]

“போட்டதைத்தாங்க மிஷின் காட்டும்,” என்றேன்.

4.

மறுவாரம் ‘தெரியல’வைச் சேர்த்தேன். மற்ற பத்துக்கும் போட்டதுபோல் ‘உருவாக்கியவர்’ என்ற இடத்தில் என் பெயர். பாராட்டு குவிந்தது. அம்சவள்ளி மட்டும் எழுதியிருந்தார்: “நல்லதுங்கண்ணா. தப்பு மொழியோடதுன்னு ஒரு லெட்டர் குடுத்தா மனுவைத் திரும்பப் பாக்கறாங்களாம். வெள்ளிக்கிழமை கடைசி.”

இன்று வியாழன். கடிதம் மேசையில், கையெழுத்தில்லாமல். போட்டால் என் மொழியை யாரும் தொடமாட்டார்கள். போடாவிட்டால்

முடிவை உங்கள் தலையில் கட்டலாம். அதுவும் என் பழைய பேரம்தான். ஆகவே கணக்கு மட்டும்:

மொழியில் சொற்கள்: பதினொன்று.
என் பெயரில்: பதினொன்று.
நான் கொடுத்தவை: பூஜ்யம். இது மட்டும் அளந்து பார்த்துப் போட்ட பூஜ்யம்.
கையெழுத்து: