ஆளுநருக்கு என்ன உடுத்துவது

"கையை எடும்மா, சுட்டுடும்!" என்று இனெஸ்ஸா இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

ரிம்மா காதில் வாங்கவில்லை. மேஜைமேல் விரித்திருந்த, அப்பாவின் நீல வழக்கறிஞர் சீருடையின் கழுத்துப்பட்டியை நீவிக்கொண்டிருந்தாள். தோளில் நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் நூல் பிரிந்த தடம் மட்டும் இருந்தது.

"இங்க ரெண்டு பூ வச்சா தெரியாது."

"சாம்பல் கோட்டு இருக்கேம்மா. ஆளுநரா இருந்தப்ப போட்டது."

"அந்தப் பதவி நடுவுல வந்தது, நடுவுலயே போச்சு. உங்கப்பா வக்கீலு. அரசாங்க வக்கீலு. அப்படித்தான் போவாரு."

மூன்று விமானம் மாறி, பனிப்புயலுக்காக ஒரு கொட்டகையில் காத்துக் கிடந்து, இனெஸ்ஸா இன்று காலைதான் ஸ்துத்யோனி ஊருக்கு வந்து சேர்ந்திருந்தாள். வந்ததிலிருந்து இதே பேச்சுதான். பக்கத்து அறையில் அப்பா வெறும் சட்டையோடு சவப்பெட்டியில் கிடந்தார். வானிலை அறிக்கை சொன்ன ரேடியோவோடு, "ஆதாரம் என்ன? யார் பார்த்தது?" என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனாராம். அவர் அப்படித்தான் சாவார் என்று இனெஸ்ஸாவுக்குத் தோன்றியது.

அப்பா வலெரியன் இந்தப் பனிக்காட்டுக்கு அரசு வழக்கறிஞராக வந்தபோது, கொஞ்ச நாளில் தெற்கே திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் மனைவியை அழைத்துவந்தார். வந்தவர் மீன் ஆலை மேலாளரை உள்ளே தள்ளினார். துறைமுகத் தலைவரைத் தள்ளினார். கடைசியில் ஆளுநரையே லஞ்ச வழக்கில் தள்ளினார். திருடாத ஆள் வேறு யாரும் கைக்குக் கிடைக்காததால், காலியான நாற்காலியில் தலைநகரம் அவரையே உட்கார வைத்தது. ஆளுநரான பிறகும் அவர் விசாரணையை விடவில்லை. சூப்பில் உப்பு கூடினால்கூட, "எப்போ போட்டே? அப்போ சமையலறையில வேற யாரு இருந்தா?" என்று கேட்பார்.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. எண்ணெய்க் கப்பல் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டது. கடலோரக் கிராமங்களின் மின் நிலையங்களில் டீசல் தீரப்போகிற நிலை. அரசின் அவசரக் கிடங்கு நிரம்பியிருந்தது, ஆனால் சீல் வைத்திருந்தது. அதைத் திறக்கத் தலைநகரத்திலிருந்து அனுமதி வரவேண்டும். வரவில்லை. வலெரியன் தானே போய்ச் சீலை உடைத்தார்.

பனி உருகியதும் வழக்கு வந்தது. போட்டவன் புது அரசு வழக்கறிஞன் ஸவேலி. அப்பாவிடம் தொழில் கற்றவன், இந்த வீட்டில் பாதி நாள் சாப்பிட்டவன். குற்றப்பத்திரிகையை அப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தார். சிவப்புப் பென்சிலால் திருத்தினார். அப்புறம் ஸவேலிக்கே போன் போட்டார்.

"முட்டாளே, தப்பான பிரிவு போட்டிருக்கே. எந்தச் சுண்டைக்கா வக்கீலும் என்னை வெளிய எடுத்துடுவான். எழுதிக்கோ, சரியானதைச் சொல்றேன்."

கோர்ட் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. பதவி, பட்டம், தோள் நட்சத்திரம் எல்லாம் போயின. அந்தக் கோடை முழுக்க ரிம்மா அவரோடு பேசவில்லை. தெற்கே போய்விடலாம் என்று மகள் எத்தனையோ தடவை கெஞ்சினாள். அவர் அசையவில்லை. ஏன் என்று கேட்டால், "கேள்வி தெளிவா இல்லை" என்பார்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஸவேலி நின்றான், அதே நீலச் சீருடையில். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"வாடா," என்றாள் ரிம்மா. "இன்னும் ஏதாவது பறிக்க பாக்கி இருக்கா?"

அவன் உள்ளே வந்தான். மேஜையைப் பார்த்தான்.

"அம்மா... இதை அவருக்குப் போடக்கூடாது."

"என்னடா சொன்னே?"

"கோர்ட் பட்டத்தை எடுத்துடுச்சு. எடுத்தவங்களுக்குச் சீருடை கிடையாது. நான் சொல்லித்தான் ஆகணும்."

"என் கையால தின்னுட்டு, செத்தவர் உடம்புல சட்டையை உருவ வந்திருக்கியா நீ?"

"அம்மா, எனக்கு மட்டும்..."

"வெளியே போடா!"

இனெஸ்ஸா இஸ்திரிப்பெட்டியை ணங்கென்று வைத்தாள்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்! இந்த வீட்ல ஒரு சாவையாவது சாவா நடத்த விடுவீங்களா? நீ இவரைத் திட்டறியேம்மா, இப்ப அப்பா எழுந்து வந்தா யார் பக்கம் பேசுவாரு? சொல்லு. இவர் சொல்றதுதான் சரின்னு சொல்லுவாரு. அதோட பிரிவு எண்ணையும் சேர்த்துச் சொல்லுவாரு!"

ரிம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி இனெஸ்ஸா பக்கத்தில் போனாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று.

"அவர் வீட்ல போடற அந்தப் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துட்டு வா," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "முழங்கை கிழிஞ்சிருக்கும். கிழிஞ்சா என்ன, மேலேருந்து பாத்தா தெரியவா போகுது."

கல்லறையில் நிலக்கரி மூட்டி உறைந்த மண்ணை இளக்கி வைத்திருந்தார்கள். பெட்டியை இறக்கப்போகும் நேரத்தில் சங்கிலிச் சக்கர வண்டி ஒன்று இரைந்துகொண்டு வந்து நின்றது. கடலோரக் கிராமத்து உலியானா, கலைமான் தோல் அங்கியோடு இறங்கினாள். பின்னால் ஒரு வளர்ந்த பெண். உலியானா பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, மகளை முன்னால் தள்ளினாள்.

"இவதான். அந்தக் குளிர்ல பொறந்தா," என்றாள் ரிம்மாவிடம். "லைட்டு எரிஞ்சுது."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் வண்டியிலிருந்து ஒரு சாக்கு நிறைய உறைந்த மீனை இழுத்துவந்து ரிம்மாவின் காலடியில் போட்டாள்.

"ஐயோ, இவ்வளவு மீனை எங்கேடீ வைப்பேன்?" என்றாள் ரிம்மா. ஆனால் சாக்கின் வாயை விட்டு அவள் கையை எடுக்கவில்லை.

வீட்டில் துக்கச் சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் போனபோது மத்தியானம்தான். வடக்குக் குளிர்காலத்தில் அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. ரிம்மா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். சமையலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. இனெஸ்ஸா எட்டிப்பார்த்தாள். எல்லோரும் போன பிறகும் போகாத ஸவேலி நீலச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்தான்.

"போதும், விடுங்க. நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

"கொழுப்பு ஒட்டியிருக்கு," என்றான் திரும்பாமலே. "இப்பவே கழுவலேன்னா போகாது."

இனிமேல் இவனோடும் சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை. துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். அவன் ஒவ்வொன்றாக நீட்டினான், அவள் துடைத்து அடுக்கினாள். தட்டுகள் முடிந்து கரண்டிகள் வந்தன. அப்பா சூப் குடிக்கும் கரண்டியைக் குழாயடியில் பிடித்தவன் பிடித்தபடியே நின்றான். தண்ணீர் அதன்மேல் விழுந்து அவன் சட்டையெல்லாம் தெறித்தது.

இனெஸ்ஸா குழாயை மூடவில்லை. கையை நீட்டிக்கொண்டு, அவன் அதைக் கொடுப்பதற்காகக் காத்திருந்தாள்.