ஒன்பதாம் மாடிக்கு வந்த பொலிஸ்

பதினான்காவது கேள்வி வந்தபோது துர்க்கா, "ஒரு நிமிடம்" என்று கையை உயர்த்தினாள். அவளுடைய உடம்பில் இன்னும் எந்த வயரையும் பூட்டியிருக்கவில்லை. பொய் அறியும் சோதனையை நடத்தும் அதிகாரி ஜூலியன் ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லாக் கேள்விகளையும் முதலில் வாசித்துக் காட்டுவேன், அதற்குப் பிறகுதான் மெஷின், எதிர்பாராத கேள்வி ஒன்றும் வராது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். பொலிஸ் வேலைக்கு விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகிவிட்டது. எழுத்துப் பரீட்சை, ஓட்டம், நேர்முகம் எல்லாவற்றையும் முப்பத்தாறு வயதில், ஒஷாவாவில் செய்துகொண்டிருந்த செக்யூரிட்டி வேலையையும் விடாமல் தாண்டி வந்திருந்தாள். மிச்சமிருந்தவை இந்தச் சோதனையும் வைத்தியப் பரிசோதனையும்தான். கேள்விகள் யாவும் அவள் வீட்டிலிருந்து நிரப்பி அனுப்பிய படிவத்தில் இருந்தவை. களவு, போதை, வேலையிடத்தில் சொன்ன பொய். பதினான்காவது, பொலிசுக்கு எப்போதாவது பொய்யான தகவல் கொடுத்ததுண்டா என்பது. அதில் 'இல்லை' என்ற கட்டத்துக்குப் புள்ளடி போட்டிருந்தாள். போடும்போது பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. இப்போது அவளைப் பயமுறுத்தியது அதுதான்.

"அந்தப் பதிலை மாற்ற வேண்டும்" என்றாள் ஆங்கிலத்தில். "ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்."

ஜூலியன் பேனையைக் கீழே வைத்தார். "சொல்லுங்கள்."

பதினொரு வருடங்களுக்கு முன்னர், மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்டின் ஒன்பதாம் மாடி. சனிக்கிழமை மத்தியானம். மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. கணவன் பிரவீனனுக்கு ஏன் கோபம் வந்தது என்பது இன்றைக்கு நினைவில்லை, அதற்குப் பெரிய காரணம் தேவைப்பட்டதுமில்லை. அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. இரண்டு பொலிஸ்காரர்கள், ஒருவர் பெண். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைப் பாதி திறந்தபடி துர்க்கா நின்றாள். கீழ்ச்சொண்டு வெடித்து வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக, "நீ இங்கே பாதுகாப்பாக இருக்கிறாயா?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தும் காட்டினாள் துர்க்கா. சிரித்தபோது சொண்டு திரும்ப வெடித்தது.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"அவர் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்." என்றாள். "இந்த நாட்டுக்கு வந்து என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. பதில் பொய்தான். ஆனால் கேள்வி உள்ளே கிடந்தது. மூன்று வருடம் கழித்து மகளையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இந்த வேலைக்கு விண்ணப்பித்ததும் அதனால்தான்."

இதை அவள் முழுவதுமாகச் சொன்னது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஜூலியன் படிவத்தை அவள் பக்கம் திருப்பி, திருத்திய இடத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். "நீங்களாகவே சொன்னது நல்லது" என்றார். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வார்த்து அவள் முன்னால் வைத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

பிறகு நெஞ்சைச் சுற்றி இரண்டு ரப்பர் ரியூப்கள், விரல்களில் உலோகத் தகடுகள், கையில் பிரஷர் பார்க்கும் பட்டி. அசையக்கூடாது. பதினான்காவது கேள்வியை அவர் மாற்றியிருந்தார். "நீங்கள் என்னிடம் சொன்னதைத் தவிர, பொலிசுக்குப் பொய் சொன்னதுண்டா?"

"இல்லை."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அந்தச் சொல் இலேசாக வெளியே வந்தது. கழற்றும்போது, "எனக்கு இதில் குழப்பம் ஒன்றுமில்லை. முடிவைக் கடிதத்தில் அறிவிப்பார்கள்" என்றார்.

கார் தரிப்பிடத்தில், பட்டி இறுக்கிய கையின் விறைப்பு போகும்வரை உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். நினைவில் வந்ததோ குணவதி அன்ரியின் முகம். ஒன்பதாம் மாடியில் பக்கத்து வீடு. தனி மனுசி. அன்றைக்குப் பொலிஸ் போனதும் பிரவீனன், "உவதான் போன் அடிச்சிருப்பா" என்றான். அடுத்தநாள் காலை துர்க்காவே போய்க் கதவைத் தட்டினாள். "எங்கட வீட்டு விஷயத்தில உங்களுக்கென்ன வேலை அன்ரி? எங்கட மானத்தை வாங்கிப்போட்டியள்" என்று கொரிடோர் கேட்க ஏசினாள். குணவதி அவளுடைய சொண்டையே பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர வாய் திறக்கவில்லை. தமிழ் வீட்டுக்குப் பொலிசைக் கூப்பிட்டவர் என்று அந்தக் கட்டடத்துத் தமிழ்ச் சனமெல்லாம் அவரோடு கதையை நிறுத்தியது. ஒரே லிஃப்டில் மூன்று வருடம் துர்க்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வந்தாள். கடைசியில் பெட்டியோடு வெளியேறிய அன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் கிழக்குப் பக்கமாக ஓட்டி, மோர்னிங்சைட்டில் இறங்கினாள். கீழேயிருந்த பெயர்ப் பலகையில் குணவதியின் பெயர் இன்னும் இருந்தது.

குணவதி அன்ரி மெலிந்துபோயிருந்தார். ஆளைக் கண்டதும் அடையாளம் பிடித்து, "வாரும் பிள்ளை" என்று சோபாவில் கிடந்த உடுப்புகளை ஒதுக்கினார். துர்க்கா உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனங்கள் மறந்துபோயின.

"அன்ரி, நான் நன்றி சொல்ல வந்தனான். அண்டைக்கு நீங்கள் பொலிசுக்குப் போன் அடிக்காட்டி நானும் பிள்ளையும் இண்டைக்கு இப்பிடி இல்லை. நான் உங்களை அவ்வளவு ஏசினன்."

குணவதி உடுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நானில்லை பிள்ளை."

"என்ன அன்ரி?"

"அண்டைக்குப் போன் அடிச்சது நானில்லை. சத்தம் கேட்டது, போனைக் கையில எடுத்தனான். உவன் வந்து என்ர கதவைத் தட்டுவானோ எண்டு பயத்தில திருப்பி வைச்சிட்டன். பார்த்தா பொலிஸ் வந்து நிக்குது. ஆர் அடிச்சதெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

"அப்ப நான் ஏசேக்க ஏன் சொல்லேல்லை?"

"உம்மட சொண்டைப் பார்த்தன். செய்ய வேண்டியதை நான் செய்யேல்லை. நான் செய்ததெண்டு நீர் ஏசுறீர். நானில்லை எண்டு சொல்ல வெக்கமா இருந்தது." உடுப்புகளைக் கதிரையில் வைத்தார். "அதோட, நானில்லை எண்டா உவன் வேற ஆளைத் தேடியிருப்பான்."

இந்த நன்றியை அவர் பேசாமல் வாங்கி வைத்திருக்கலாம். மறுக்க ஒருவரும் இல்லை. துர்க்கா அவருடைய கையைப் பிடித்தாள். அதில் உடுப்புச் சோப்பு மணம் இருந்தது. "மூண்டு வருஷம் வீண்பழி சுமந்திருக்கிறியள்" என்றாள்.

"இரும். தேத்தண்ணி போடுறன்" என்றார் குணவதி.

இருவரும் வெகுநேரம் கதைத்தார்கள். மகள் என்ன வகுப்பு, முழங்கால் நோவுக்கு எந்த டொக்டர், பொலிஸ் வேலை கிடைத்தால் துவக்கு கொண்டு திரிய வேணுமோ என்றெல்லாம். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், அடுத்தமுறை மகளையும் கூட்டிவரச் சொன்னார்.

கதவு சாத்திய பிறகு துர்க்கா கொரிடோரில் நின்றாள். இரண்டு பக்கமும் பழுப்புக் கதவுகள். ஒன்றுக்குள் குக்கர் கூவியது. ஒன்றுக்குள் தெரியாத பாஷையில் யாரோ தொலைபேசியில் சிரித்தார்கள். அன்றைக்குப் போன் அடித்தவரின் வீடு இவற்றில் ஒன்றாக இருக்கலாம். மேல்மாடியாகவும் இருக்கலாம். அவர் எப்போதோ வீடு மாறிப் போயிருக்கவும் கூடும்.

கடைசி வீட்டிலிருந்து வயதான ஒருவர் சலவைக் கூடையோடு வந்து லிஃப்டில் ஏறினார். அவள் வருவதைக் கண்டு, மூடப்போன கதவுக்கு நடுவே காலை வைத்துப் பிடித்தார். "தேங்க் யூ" என்றாள் துர்க்கா, கதவைப் பிடித்ததற்குத் தேவையானதைவிட அழுத்தமாக. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.