தபீதாளுக்கு வராத தண்ணீர்

கோவிலம்பாக்கம் மூன்றாவது குறுக்குத் தெருவில் தபீதாள் வீட்டுக் குழாய், போன வருஷம் மே மாதம் ஏழாம் தேதியிலிருந்து, அவள் திறந்தால் மட்டும் தண்ணீர் விட மறுத்தது. வீட்டில் இருப்பதே கொல்லையில் அந்த ஒரு குழாய்தான். பிளம்பர் சக்திவேல் திறந்தார், வாளி நிறைந்தது. சிலிண்டர் கொண்டுவந்தவர் திறந்து கால் கழுவிக்கொண்டு போனார். தபீதாள் கை வைத்தால் காற்றுகூட வரவில்லை. "போர்ல தண்ணி கீதுக்கா, மோட்டாரும் நல்லா கீது. உன் கைக்குத்தான் இன்னாவோ ஆயிருக்கு" என்று சொல்லிவிட்டு சக்திவேல் கூலி வாங்காமல் போனார். சபையிலிருந்து பாஸ்டர் வந்து ஜெபித்தார். அவர் திறந்தபோதும் வந்தது. "கர்த்தர் காரணமில்லாம எதையும் அடைக்க மாட்டார்மா" என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

தபீதாள் தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம். இத்தனை காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. மூன்று வாரம் கேன் தண்ணீரில் ஓட்டினாள். கேனைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று, வேறு வழியில்லாமல், மதிலோரம் போய் பக்கத்து வீட்டு தீபலட்சுமியைக் கூப்பிட்டாள். மழைத் தண்ணீர் யார் பக்கம் வடிவது என்ற சண்டையில் அந்த வீட்டோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. தீபலட்சுமி ஒன்றும் கேட்கவில்லை. வந்தாள், இரண்டு குடம் பிடித்து வைத்தாள், போனாள். மறுநாள் ஆறு மணிக்குக் கூப்பிடாமலே வந்தாள். ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் கடந்து தை பிறந்தபோது, அவள் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போகிற அளவுக்குப் பழக்கம் வந்திருந்தது. தபீதாள் மட்டும், எந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தையில் ஒரு காலை, தீபலட்சுமி டீயை ஆறவிட்டுவிட்டுப் பேசினாள். "போன மார்ச்சுல பாப்பா போச்சுல்லக்கா. மூணே நாள் இருந்துச்சு. அப்புறம் நான் பாயை வுட்டு எழுந்திருக்கவே இல்ல. நீங்க கூப்ட்ட அன்னிக்குத்தான் எழுந்தேன். இப்பவும் இந்த ரெண்டு குடத்துக்காகத்தான் எழுந்திருக்கறேன்."

தபீதாளுக்கு மார்ச்சில் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்ட அழுகை நினைவிருந்தது. அது கேட்டபோது அவள் ஜன்னலைச் சாத்தியிருந்தாள்.

"ஒரு நாள்கூட நான் வந்து பாக்கலியே, தீபா."

"இப்ப பாத்துகினுதானே கீறீங்க."

அதன்பிறகு தபீதாள் ஜெபத்தில் தண்டனை என்ற சொல்லைச் சொல்லவில்லை. குழாய் யாருக்காக அடைபட்டது என்று தெரிந்துவிட்டதால், அதைத் திறந்துவிடும்படி கேட்கவும் இல்லை.

பங்குனியில் ஒரு விடியற்காலை குழாயடியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கை பட்டுக் குழாய் திருகிக்கொண்டது. தண்ணீர் வந்தது. சில்லென்று, லேசான உப்போடு, நிற்காமல் வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் அதில் நனைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இறுக்கி மூடி, தரை ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்தாள்.

ஆறு மணிக்கு தீபலட்சுமி வந்தாள். "இன்னிக்காவது வந்துச்சாக்கா?"

"எங்க வருது" என்று குடத்தை நீட்டினாள் தபீதாள்.

அந்தப் பொய்க்காக ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கிறாள். திங்கட்கிழமை மறுபடியும் சொல்கிறாள்.