சகலையின் தோள்

பெயிண்டருக்கும் அவருடைய சகலைக்கும் ஒரே வருடத்தில் வலது தோள்பட்டை இறுகிப்போனது. மனைவியின் தங்கையைக் கட்டியிருந்த சகலை சலூன் வைத்திருந்தார். கை உயராவிட்டால் இருவருக்குமே பிழைப்பு இல்லை.

பெயிண்டர் ஆறு மாதம் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பிசியோதெரபிக்குப் போனார். அந்த வாரமே சகலையும் தோள் பிடித்திருக்கிறது என்று சொல்ல, "என்னை மாதிரி இழுத்தடிக்காதீங்க" என்று கையோடு கூட்டிப்போனவரும் அவர்தான்.

அங்கே சுவரில் சின்ன மர ஏணி ஒன்றைப் பதித்திருந்தார்கள். விரல்களை நடக்கவிட்டுப் படிப்படியாகக் கையை ஏற்ற வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பெயிண்டரின் விரல் ஏழாவது படியைத் தாண்டவில்லை. சகலையோ பதினொன்றைத் தொட்டுவிட்டு, "அட, வந்துடுச்சே!" என்று சிரித்தார். தெரபிஸ்ட் அம்மா கைதட்டினார். பெயிண்டரும் தட்டினார். வயிறு பற்றி எரிந்தது.

வீட்டில் மனைவி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் நேத்து மூணு பேருக்கு முடி வெட்டினாராம். நீங்க இன்னும் சட்டை மாட்ட என்னைக் கூப்பிடுறீங்க."

"அவனுக்கு வலியே இருந்திருக்காது. நடிச்சிருப்பான்."

"ஏங்க புத்தி இப்படிப் போகுது?"

தினமும் பத்துத் தடவை போதும், மறுநாளும் வலி இருந்தால் அளவு மீறியதாக அர்த்தம் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். பெயிண்டர் நூறு தடவை செய்தார். அதுவும் போதாமல், மனைவி வெளியே போயிருந்த மத்தியானம், இடது கையால் வலது கையைத் தூக்கி ஜன்னல் கம்பியில் மாட்டி, உடம்பைத் தொங்கவிட்டார். தோளுக்குள் சுரீரென்றது. கண்ணில் பொறி பறந்தது. மறுநாள் டம்ளரைக்கூட எடுக்க முடியவில்லை.

"என்ன செஞ்சீங்க? உண்மையைச் சொல்லுங்க" என்றார் தெரபிஸ்ட்.

சொன்னார்.

"ஏன் அப்படி?"

"அவரு பதினொண்ணுல நிக்கிறாரே."

"அவரு ரெண்டாவது வாரமே வந்துட்டார். நீங்க ஆறு மாசம் இறுகவிட்டு வந்தீங்க. ரெண்டும் ஒண்ணா? அவர் சீக்கிரம் வந்ததே உங்களாலதானே?"

ஆறுதலாக இருந்திருக்க வேண்டிய பேச்சு. தான் காட்டிய வழியிலேயே அவன் முந்திவிட்டான் என்று இன்னும் அதிகமாக உறுத்தியது.

இரண்டு வாரம் ஓய்வு. பிறகு, குனிந்து நின்று கையை மெதுவாக ஊசலாடவிடும் பயிற்சி மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை சவரப் பெட்டியோடு வந்தார்.

"தாடி காடா கிடக்குன்னு அக்கா சொன்னாங்க. உட்காருங்கண்ணே."

கத்தி தொண்டைக்கு இறங்கியபோது பெயிண்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க மேல எனக்குப் பொறாமை. உங்களுக்கு வலி திரும்ப வரணும்னுகூட நினைச்சேன்."

கத்தி நின்றது.

"கழுத்துல கத்தி இருக்கும்போதா இதைச் சொல்றது? ஆடாதீங்க." முகத்தைத் துடைத்துவிட்ட பிறகு சகலை மெல்லச் சொன்னார்: "வலி எங்கேண்ணே போச்சு? பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். வெளியில சொன்னா யாராவது என்கிட்ட தலையைக் கொடுப்பாங்களா?"

எட்டு மாதத்தில் பெயிண்டரின் கை கூரைக்கு ரோலர் பிடிக்கும் அளவுக்கு உயர்ந்தது. முதலில் சலூனுக்குத்தான் வெள்ளையடித்தார். சகலை அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு நேரம் என்னால கையைத் தூக்கி வைக்க முடியாதுண்ணே" என்றார்.

அதைக் கேட்டதில் பெயிண்டருக்கு வந்த சந்தோஷம், வரவேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.