உபயம்: சமாதான நீதவான் காசிநாதர்

பின்பக்கம் தாழ்ந்து வருகிற வண்டியில் பாரம் இருக்கிறது. பாரம் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் அது எங்கேயோ ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. காவலரணில் நின்ற நேவிக்காரனின் கணக்கு அவ்வளவுதான். அதில் பிழை சொல்ல, வண்டி ஓட்டி வந்த ராசமலரால் முடியவில்லை. பன்னிரண்டு மீன்பெட்டிகளையும் இறக்கி, ஐஸைக் கிளறிக் காட்டி, திரும்ப ஏற்றினாள். அந்தக் கிழமையில் இது நாலாம் தடவை. கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது துவக்கோடு நின்றவன்மேல் போகவில்லை. அன்புவழிபுரத்தில் விசிறிக்குக் கீழே கதிரை போட்டு இருந்தவர்மேல் போனது.

அவர் காசிநாதர். அகில இலங்கைச் சமாதான நீதவான். இறக்கக்கண்டி மீனவர் சங்கத்தின் தலைவர். சமாதானத்தையும் மீனையும் அவர் தூரத்தில் இருந்தே பராமரித்தார்: முதலாவது நாட்டில் இல்லை, இரண்டாவதின் மணம் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் சங்கத்துக்கு அந்தப் பிக்கப்பைக் கொடுத்தது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்திருந்த ராசமலருக்கு வண்டி ஓட்டப் பழக்கி, லைசென்சும் எடுத்துக் கொடுத்தது. மேடையில் வைத்து, வண்டியை ஸ்ரார்ட் பண்ணுகிற திறப்பை அவள் கையில் தந்தவர் காசிநாதர்தான். படம் சரியாக விழவில்லை என்று மூன்று தரம் தந்தார்.

பிறகொரு நாள் கூட்டம் என்று சொல்லி வண்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். ஒரு கிழமை கழித்துத் திரும்பியபோது வண்டி தரையோடு பதுங்கிக்கொண்டு வந்தது. உயரமான ஸ்பிரிங்கைக் கழற்றித் தன் வீட்டில் போட்டுவிட்டுக் கட்டை ஸ்பிரிங் போட்டிருந்தார். பெரிய இடத்துப் பிள்ளைகளின் வண்டிகள் அங்கே அப்படித்தான் போகின்றனவாம்.

“பதிஞ்சு போனாத்தான் பிள்ளை, வண்டிக்கு ஒரு கெம்பீரம்.”

“ஐயா, இது மீன் ஏத்துற வண்டி.”

“மீனுக்கும் ஒரு கெம்பீரம் வேணும்தானே?”

கெம்பீரமான மீன் காவலரணில் வெயில் காய்ந்தது. கொழும்புக்குப் போகும் ஐஸ் லொறி ஒன்பது மணிக்குச் சந்தையைவிட்டுக் கிளம்பிவிடும். தவறவிட்டால் கருவாட்டுக்குத்தான் வெட்டவேண்டும். பெட்டி அடுக்கித் தரும் நபீஸா முகத்துக்கு நேரே கேட்டாள்: “ஏன் புள்ள, வழியில நித்திர கொண்டு எழும்பியா போறாய்?” காசிநாதர் சங்கக் கூட்டத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டார். பிழை வண்டியில் இல்லை, ஓட்டுகிற கையில். இன்னும் ஒரு நாள் லொறி தவறினால் திறப்பு அவருடைய மருமகனுக்கு. சூரைக்கும் பாரைக்கும் வித்தியாசம் தெரியாத மருமகன். திறப்புப் போனால் ராசமலருக்கு அடுப்பும் போனமாதிரித்தான்.

இதற்கிடையில் பின் ரயர் மட்காட்டில் உரசத் தொடங்கியது. நகரில் எல்லோரும் கலீல் நானா என்று அழைக்கிற கலீலுர் றஹ்மானின் கராஜுக்குக் கொண்டுபோனாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே சிரித்தார்.

“தங்கச்சி, பின் அச்ச ஆட விடாமப் புடிச்சிருக்கிறது இந்த ரெண்டு ஆர்ம்தான். மனிசன்ட கை மாதிரி. பழைய உசரத்துக்கு அளவெடுத்த கை. உடம்ப மட்டும் கீழ இறக்கிட்டீங்க, கை பழைய நீளம். அச்சுக் கோணலாகாம என்ன செய்யும்?”

“நான் இறக்கேல்ல நானா. இறக்கினவர் அன்புவழிபுரத்தில வெத்திலை போட்டுக்கொண்டிருக்கிறார்.”

“அப்ப அவருக்குச் சொல்லுங்க. பழைய ஸ்பிரிங்கப் போட்டா எல்லாம் சரி. அது ஏலாதெண்டா, நீளத்தக் கூட்டிக் குறைக்கிற மாதிரிப் புது ஆர்ம் செய்யணும்.”

காசிநாதரின் காதில் ‘புது’ என்பது மட்டும் விழுந்தது.

கலீல் நானா தடித்த குழாயில் மரை வெட்டி, இரு முனையிலும் புஷ் இறுக்கி, இரண்டு ஆர்ம் செய்தார். நல்ல வேலை. பொருத்திப் பார்த்தபோது அச்சு நடுவுக்கு வந்தது, ரயர் உரசவில்லை. பூச்சு அடிக்கக் கழற்றி மேசையில் வைத்திருந்த நேரம் காசிநாதர் வந்து அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதில பேர் எங்க?”

கேட்டதில் அதிசயம் இல்லை. கோயில் ரியூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அவர் பெயர் இருந்தது. பஸ் தரிப்பிடத்தில் உட்காரும் வாங்கில் இருந்தது. மயானத்துக்குக் கொடுத்த பாடையில்கூட, போகிறவர் கடைசியாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று, தலைமாட்டில் இருந்தது.

“வண்டிக்கு அடியில கிடக்கிற சாமான் ஐயா,” என்றார் கலீல் நானா. “யாரு பாக்கப் போறா?”

“பார்க்கிறவன் பார்ப்பான்.”

“இழுவை தாங்குற இரும்பு. இதில எழுத்து ஒட்ட மாட்டன்.”

காசிநாதர் அவற்றை இரும்புக் கேற் ஒட்டுகிற வெல்டிங்காரனிடம் கொண்டுபோனார். ‘உபயம்: சமாதான நீதவான் க. காசிநாதர்’ என்று இரண்டு ஆர்மிலும் எழுத்தெழுத்தாக ஒட்டி, சிவப்புப் பெயின்றும் அடித்துக் கொண்டுவந்தார். ஆர்மைப் பூட்டியதும் அச்சில் நாடா கட்டி, காசிநாதர் வெட்ட, திறப்புவிழாவும் நடந்தது. வந்தவர்களெல்லாம் கராஜ் குழிக்குள் ஒவ்வொருவராக இறங்கி அண்ணாந்து வாசித்தார்கள். தலைவரின் வேட்டியில் கிறீஸ் பட்டது மட்டும் உபயத்தில் சேராது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு வண்டி காவலரணுக்கு வந்தது. வண்டிகளின் அடியைத் தவறாமல் வாசிக்கிறவர்கள் இந்த நாட்டில் நேவிக்காரர்கள்தான். ஒருவன் தடியில் கட்டிய கண்ணாடியை அடியில் விட்டான். நேராக இருந்தாலும் அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கண்ணாடியில் அது தலைகீழாகவும் இருந்தது. அவன் கண்டது இவ்வளவுதான்: வாய் அடைத்த இரண்டு புதுக் குழாய், புது வெல்டிங் ஒட்டு, சிவப்பு எழுத்து. விசிலை ஊதிக்கொண்டு பின்னால் பாய்ந்தான்.

வீதி இரண்டு பக்கமும் அடைபட்டது. ராசமலர் கையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றாள். பெட்டிகளின் கீழால் ஐஸ் தண்ணீர் ஒழுகுவதை ஐம்பது யார் தூரத்திலிருந்து பார்க்கமட்டும் முடிந்தது. கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி வந்தார்.

“பைப்பில என்ன எழுதி?”

“பேர் சேர்.”

“யார் பேர்?”

சொன்னாள். போன் போனது. காசிநாதர் விபூதி, சந்தனம், சட்டைப்பையில் முத்திரையோடு ஓட்டோவில் வந்திறங்கினார். அதிகாரிகள் தம்மை அழைப்பது கௌரவத்துக்காகத்தான் என்பது அவருடைய நம்பிக்கை. ‘குண்டு’ என்ற சொல் காதில் விழும்வரை அந்த நம்பிக்கை நிமிர்ந்தே நின்றது.

“இது உங்கட பேர்தானே?”

“ஊரில எத்தினை காசிநாதர் இருக்கினம் சேர்.”

“சமாதான நீதவான் எண்டும் கிடக்கு,” என்றாள் ராசமலர்.

“ஆரோ என்ர பேரைப் பாவிச்சிருக்கினம் சேர். எனக்கும் இந்த வண்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. முழுப் பொறுப்பும் இந்தப் பிள்ளையின்ரதான்.”

ராசமலரின் கை தானாகக் கீழே இறங்கியது. துவக்கு ஒன்று அசைய, திரும்பவும் தூக்கினாள்.

“நேற்று நாடா வெட்டினது ஆர்? உங்கட மாமாவோ?”

“பயத்தில பிள்ளைக்குத் தலை சரியில்லை சேர்.”

அவர் சொன்னதை அதிகாரி எழுதி நீட்டினார். காசிநாதர் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் சமாதான நீதவான் முத்திரையையும் எடுத்துக் குத்தினார். பொறுப்பான ஆள் என்று எழுதப்பட்டிருந்ததால் காபன் பிரதி ராசமலரிடம் வந்தது. அதை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். அப்போது அது தன்னை உள்ளே தள்ளப்போகும் கடதாசி என்றுதான் அவளும் நினைத்தாள்.

நகரிலிருந்து கலீல் நானாவைக் கொண்டுவந்தார்கள். துவக்கு முனையில் ஜக் அடித்து, ஆர்ம் இரண்டையும் கழற்றி, மரையைச் சுழற்றி முனைகளைத் திறந்தார். அதிகாரி குழாயின் ஒரு வாயில் கண்ணை வைத்தார். மறுவாயில் காசிநாதர் தெரிந்தார்.

“உள்ள ஒண்டும் இல்ல,” என்றார் அதிகாரி. யாரைப் பற்றிச் சொன்னார் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

மணி பதினொன்று. லொறி ஹபறணை தாண்டியிருக்கும். பெட்டிகளைத் திறக்கவே தேவையில்லை, மணம் சொன்னது. வீதி திறந்ததும் காசிநாதருக்கு முதுகெலும்பும் திரும்பி வந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு கிட்ட வந்தார்.

“லொறி தவறிப் போச்சு. கூட்டத்தில சொன்னது சொன்னதுதான் பிள்ளை. திறப்பைத் தா.”

ராசமலர் கடதாசியை எடுத்து விரித்தாள். 

“எனக்கும் வண்டிக்கும் தொடர்பில்லை எண்டு எழுதி, முத்திரையும் குத்தியிருக்கிறியள். தொடர்பில்லாத வண்டியின்ர திறப்பு உங்களுக்கு என்னத்துக்கு? இல்லை, தொடர்பிருக்குதெண்டா சொல்லுங்கோ. சேர் இன்னும் போகேல்லை, கூப்பிடுறன்.”

காசிநாதர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை மெதுவாகத் திரும்பிப்போய் சால்வைக்குள் ஒளிந்தது.

“அந்தக் கடதாசியைக் கவனமா வை பிள்ளை,” என்றார், ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக.

“சங்கத்துக் கதவில ஒட்டப்போறன்.”

காசிநாதர் வந்த ஓட்டோவிலேயே அவளும் ஏறினாள். அவர் மறுக்கவில்லை. கழற்றிய ஆர்ம் இரண்டும் இருவருக்கும் நடுவில் கிடந்தன.  அவர் வீட்டு முன் விறாந்தையில் குரோட்டன் சாடிகள் இரண்டு உயரமாக நின்றன. அவற்றுக்குக் கீழே முக்காலிபோல நின்றவை வண்டியின் பழைய ஸ்பிரிங்குகள். வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். ராசமலர் சாடிகளை இறக்கினாள்.

“எங்க கொண்டுபோறாய் அதை?” காசிநாதரின் மனைவி அன்னலட்சுமி குசினியிலிருந்து ஓடிவந்தா.

“வண்டியின்ர காலை வண்டிக்கு அக்கா.”

ஆர்ம் இரண்டையும் நிலத்தில் அருகருகே வைத்து, எழுத்து மேலே தெரியும்படி உருட்டி, சாடிகளை அதன்மேல் தூக்கி வைத்தாள். சாடிகள் கோணலாகத்தான் நின்றன. அன்னலட்சுமி குனிந்து பெயரை வாசித்தா, புருஷனை நிமிர்ந்து பார்த்தா.

“இது ஆரின்ர?”

காசிநாதர் வாயைத் திறந்தார். ராசமலர் படியில் நின்று அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கக் காத்திருந்தாள். அவர் சால்வையை எடுத்து எழுத்தின்மேல் போட்டார்.

பின்னேரம் வீதியோரத்தில் வைத்தே கலீல் நானா உயர ஸ்பிரிங்கையும், கராஜிலிருந்து எடுப்பித்த பழைய ஆர்மையும் பூட்டி முடித்தார். வண்டி எழும்பி நின்றது. கண்ணாடித் தடியோடு நின்றவன் தூரத்திலிருந்தே ‘போ’ என்று கையைக் காட்டினான். ராசமலர் போனாள், இறக்கக்கண்டிக் கடற்கரைக்கு. பன்னிரண்டு பெட்டி மீனையும் மணலில் குழி வெட்டித் தாட்டு முடிய இருட்டிவிட்டது. நபீஸாவும் மண்வெட்டியோடு கூட நின்றாள்.  கடைசிக் குழியை மூடியபின், “நாளைக்கு எத்தின மணிக்கு வருவாய் புள்ள?” என்றாள்.

“ஆறு மணிக்கு.”