தலைப்பக்கம் மேலே

புத்தரைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை என்பது தனுஷிகாவுக்கு அன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனையோ வருடம் முன்பே சந்தோஷப்பட்டிருப்பாள்.

பார்க்டேலில், ஒரு மோமோக் கடைக்கு மேல்மாடியில், திபெத்துக்காரர்களின் சின்னக் கோயில். படி ஏறும்போது இஞ்சியும் உள்ளியும் மணக்கும். ஏறி முடிந்ததும் ஏதோ காட்டு மரத்தின் புகை. அந்தப் புகைக்குள் ஐந்து வயதுப் பிள்ளை அளவில் ஒரு புதுப் புத்தர் மல்லாந்து படுத்திருந்தார். அடிப்பக்கம் திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தாள். கழுவி வைத்த அண்டா மாதிரி வெறும் இருட்டு.

"அவர் இன்னும் வரேல்லை. இது வெறும் பாத்திரம்," என்றாள் டோல்கர்.

டோல்கர் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். வயது முப்பத்தைந்து இருக்கும், சிரிப்பு கட்டடம் முழுக்கக் கேட்கும். இருவரும் பேசியது ஆங்கிலத்தில்தான். டோல்கரின் ஆங்கிலம் மலையிறங்கி வந்தது, தனுஷிகாவின் ஆங்கிலம் ஸ்காபரோவில் பழுத்தது. நடுவழியில் எப்படியோ சந்தித்துக்கொண்டன.

தனுஷிகா விரும்பி வரவில்லை. இரண்டு தெரு தள்ளி றமேஸ் அண்ணையின் அச்சுக்கடை. பரம்பரையிலேயே முதல் பட்டதாரியான அவள், நாலு வருடம் இரசாயனம் படித்துவிட்டு அங்கே டோனர் மாற்றிக்கொண்டிருந்தாள். கோயிலுக்கு நாலாயிரம் மந்திரத் தாள் அடித்துக் கொடுத்த கிழமை, அதைச் சுருட்டிப் புத்தருக்குள் அடைக்கவேண்டிய ஆட்களெல்லாம் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். டோல்கர் கடைக்கு வந்து ஆள் கேட்டாள்.

"மூண்டு நாள் போய்ச் சுருட்டிக் குடு பிள்ளை," என்றார் றமேஸ் அண்ணை. "சம்பளம் நான் தாறன்."

"உவருக்கு நான் வேலை செய்யமாட்டன் அண்ணை. உவர் எங்கட காணியில குந்திக்கொண்டிருக்கிறார்."

"உது வேற புத்தர்."

"முகம் ஒண்டுதானே!"

அவள் சொன்னதில் பொய்யில்லை. ஊரில் சண்டை முடிந்தபின் அவர்களுடைய காணியைச் சுற்றி ஆமி முள்ளுக்கம்பி அடித்தது. பிறகொரு நாள் யாரோ அனுப்பிய படத்தில், கிணறு இருந்த இடத்தில் வெள்ளைச் சிலை ஒன்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இருந்தது. அம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கிணற்றைத் தேடினாள்.

ஆனாலும் வந்தாள். வந்து பார்த்தால், அந்த மாடியில் நேரத்துக்கு வேறு கணக்கு. ஜன்னலுக்கு வெளியே பெப்ரவரிப் பனி கீழே விழ மனமில்லாமல் மிதந்தது. உள்ளே எல்லாரும் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள், மூச்சு எழுத்தில் படக்கூடாதாம். குங்குமப்பூத் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்த தாள்கள் கொடிகளில் ஆடின. மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஆடியது. துணிக்குள்ளிருந்து வந்த முணுமுணுப்பு தேன்கூட்டுச் சத்தம் மாதிரி அறையை நிறைத்தது. கை தானாகச் சுருட்டியது. சுருட்டச் சுருட்ட, தான் எங்கே இருக்கிறோம் என்பது தனுஷிகாவுக்கு மறந்துபோகும். திடீரென்று நினைவு வரும், கூடவே கோபமும் வரும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் கரைந்துவிடும்.

சட்டங்கள் நிறைய. நாக்கில் விரலைத் தொட்டுத் தாள் பிரிக்கக்கூடாது. சுருளைத் தாண்டக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், தலைகீழாகப் போகக்கூடாது. சுருட்டி முடித்தால் எது மேல், எது கீழ் என்று தெரியாது, அதனால் ஒவ்வொரு சுருளின் தலைப்பக்கத்திலும் சிவப்புக் கோடு போடவேண்டும்.

"தலைகீழா நிண்டால் மந்திரத்துக்கும் தலை சுத்தும்," என்றாள் டோல்கர். "நெருக்கி அடுக்கவேணும். பிறகு ஆட்டிப் பார்ப்பம், சத்தம் வரக்கூடாது. உள்ள வெறும் இடம் கிடந்தால் வேற ஆரும் வந்து குடியிருந்திடுவினம்."

"எங்கட காணி மாதிரி," என்றாள் தனுஷிகா.

டோல்கர் சிரிக்கவில்லை. "எங்கட நாடு மாதிரி," என்றாள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் சிலையை அடைத்து மூடும் நாள். காலையில் மோர்னிங்சைட்டில், வீட்டில், பெரிய சண்டை. ஊரில் இருக்கும் சட்டத்தரணி அனுப்பிய தாள் ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அப்பா இறந்துவிட்டார் என்று அம்மா கையெழுத்து வைத்தால் காணி வழக்கை நடத்தலாம். அம்மா யோகராணி அந்தத் தாளின்மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"பதினாறு வருசம் அம்மா! கையைத் தூக்கிக்கொண்டு ஆமியிட்டப் போனவர். வரேல்லை. செத்துப்போனார். ஒருக்கா எண்டாலும் வாயைத் திறந்து சொல்லுங்கோ!"

"நீ படிச்சனி, சொல்லுவாய்," என்றாள் அம்மா. "எனக்கு வாய் வராது."

அந்தச் சூட்டோடு பஸ், ரெயின், ஸ்ரீட்கார் என்று மாறி மாறி வந்து சேர்ந்தவள், யாரும் பார்க்காத நேரத்தில் எழுதாத மஞ்சள் தாள்துண்டு ஒன்றை இழுத்தெடுத்து எழுதினாள். கந்தையா நவரட்ணம். அவ்வளவுதான். காணியைத் தின்றவர் இந்தப் பெயரையும் தின்னட்டும். செமிக்காமல் கிடக்கட்டும். இறுக்கச் சுருட்டி, மற்றச் சுருள்களோடு தட்டில் வைத்தாள்.

கோயிலின் மூத்த துறவியான லாமா ஒவ்வொரு சுருளாக எடுத்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார், தன் நெற்றியில் தொட்டார், புத்தருக்குள் இறக்கினார். எடுத்தார், பார்த்தார், தொட்டார், இறக்கினார். அவளுடைய சுருளில் கை நின்றது. கோடு இல்லை. ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தாள்.

லாமா சுருளைப் பிரித்தார்.

தலைப்பக்கத்தில், பெயருக்கு மேலே, ஒரு 'உ' இருந்தது. பிள்ளையார் சுழி. சோதனைத் தாளானாலும் சாமான் துண்டானாலும் சுழி போடாமல் அவளுக்கு எழுத வராது. இப்போதும், வஞ்சம் வைத்து எழுதும்போதும், கை அதைப் போட்டிருந்தது.

லாமா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கொடியிலிருந்த ஒரு மந்திரத் தாளை எட்டி இழுத்து, அதன் தொடக்கத்தைத் தொட்டுக் காட்டினார். மூன்று நாளாக அவள் சுருட்டிய ஒவ்வொரு தாளிலும், முதல் எழுத்துக்கு முன்னால், ஒரு சுழி இருந்தது. வளைந்து, வாலை நீட்டிக்கொண்டு.

டோல்கர் மொழிபெயர்த்தாள். "உங்கட எழுத்துக்கும் தலை இருக்கோ எண்டு கேக்கிறார். உன்ர தலை கொஞ்சம் மெலிஞ்சு போச்சாம்."

தனுஷிகாவுக்கு முகம் சுட்டது. திட்டு வரும் என்று நின்றவளுக்கு இது வந்தது.

"ஆற்ற பெயர்?"

"அப்பா."

"இருக்கிறாரோ, இல்லையோ? லாமாவுக்குத் தெரியவேணும். செத்தவற்ற பெயரை உள்ள வைக்கேலாது, உள்ள போறது அங்கயே நிக்கும். செத்தவர் போகவேணும், அதால பெயரை எரிச்சு அனுப்பிவிடுவம். இருக்கிறவர் எண்டால் வைக்கலாம்." டோல்கரின் கண் ஒருமுறை மூலையில் கனன்ற தூபச் சட்டிக்குப் போய்வந்தது.

காலையில் கத்திய சொல் தொண்டையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும். துணிக்குள் வாயைத் திறந்தாள். வரவில்லை. பனி வெளியே மிதந்தது, தாள்கள் கொடியில் ஆடின, முணுமுணுப்பு நின்றுவிட்டது. லாமா அவசரப்படாமல், இரண்டு விரலில் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தனுஷிகா ஃபோனை எடுத்தாள்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன், ஏசாதேங்கோ."

"சோறு அடுப்பில. கெதியாச் சொல்லு."

சொன்னாள். மறுபக்கத்தில் அம்மா அடுப்பை அணைப்பது கேட்டது.

"புத்தற்ற வயித்துக்குள்ளயோ?"

"ஓம்."

"பிள்ளையார் சுழி போட்டனியோ?"

"போட்டன்."

"தலைப்பக்கம் மேல இருக்குமோ?"

"அதிலதான் உவையள் கண்ணாயிருக்கினம்."

"அப்ப வை," என்றாள் யோகராணி. "உவர் எங்கட காணியில வாடகை குடாமல் இருக்கிறார். கொப்பரும் உவற்ற வயித்துக்குள்ள வாடகை குடாமல் இருக்கட்டும்."

சிரிப்புத்தான் முதலில் வந்தது. வாய்த்துணி நனைந்தபோதுதான் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. ஃபோனை வைத்துவிட்டு லாமாவைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் தேடினாள். உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல அங்கே ஒரு சொல், ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறார் என்று சொல்ல வேறொரு சொல். இரண்டையும் ஒன்றாகச் சொல்ல அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

"இருக்கிறார்," என்றாள், தமிழிலேயே.

"இருக்கிறார்," என்று லாமா திருப்பிச் சொன்னார், மந்திரம் சொல்வதுபோல. தூரிகையை அவளிடம் நீட்டினார். அவள் சுழிக்கு மேலே சிவப்புக் கோடு போட்டாள். அவர் சுருட்டி, நெற்றியில் தொட்டு, இருட்டுக்குள் இறக்கினார்.

இடைவெளிகளில் மரத்தூள் போட்டு அடைத்தார்கள். செப்புத் தகட்டால் அடியை மூடினார்கள். பிறகு நாலு பேராகத் தூக்கி மெல்ல ஆட்டினார்கள். அறையே காது கொடுத்தது. தனுஷிகா பித்தளையில் கன்னத்தை வைத்தாள். குளிர்ந்தது. உள்ளே எதுவும் ஆடவில்லை.

"நாளைக்குக் கண் திறப்பு," என்றாள் டோல்கர். "வருவியோ?"

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன்," என்றாள் தனுஷிகா, துணியை அவிழ்த்துக்கொண்டே. "உவர் கண்ணைத் திறந்தவுடன கேக்கிறதுக்கு அவவிட்ட நிறையக் கிடக்கு."